எட்டு இரவுகளுக்கு எத்தனை ஊர்?

வணக்கம்.

அக்டோபரில் நான், மனைவி, அம்மா மூவரும் ஐரோப்பா போகிறோம். மூவருக்குமே இது முதல் தடவை. ஒரு சனிக்கிழமை மாலை போய் இறங்கி, அடுத்த வாரம் ஞாயிறு மதியம் விமானம் ஏற வேண்டும். அதற்கு மேல் விடுப்பு கிடைக்காது. இப்போதைக்குப் பட்டியல் இப்படி இருக்கிறது: பாரிஸ் 2 நாள், மிலான் 1, வெனிஸ் 1, ஃப்ளாரன்ஸும் பைசாவும் சேர்த்து 1, ரோம் 2, நேப்பிள்ஸ்-பாம்பேய் 1. அங்கிருந்து மறுபடி பாரிஸ் வந்து ஊர் திரும்புவது.

அம்மாவுக்கு 67 வயது. முழங்கால் வலி உண்டு, மெதுவாக நடப்பார். அவருக்கு ரோமும் வெனிசும் பார்க்க வேண்டும் என்று நெடுநாள் ஆசை. மனைவிக்கு ஓவியங்கள், எனக்கு எரிமலைச் சாம்பலில் புதைந்த பழைய ரோமானிய நகரமான பாம்பேய். ‘அவ்வளவு தூரம் போய்விட்டு இதைப் பார்க்காமல் வருவதா’ என்று கேட்பவர்கள் எல்லாரும் ஆளுக்கோர் ஊரைச் சேர்த்துவிட்டார்கள். எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது? டிக்கெட் எடுக்கவில்லை, விசாவுக்கும் இன்னும் விண்ணப்பிக்கவில்லை.

க.

அன்புள்ள க.,

டிக்கெட் எடுப்பதற்கு முன்பே கேட்டீர்கள், மிக நல்லது. பாரிசுக்குப் போய்வரும் டிக்கெட்டை எடுத்துவிட்டுக் கேட்டிருந்தால் பாதி முடிவுகள் உங்கள் கையை விட்டுப் போயிருக்கும்.

பட்டியலில் நாள் கணக்கு போட்டிருக்கிறீர்கள். இரவுக் கணக்கு போட்டுப் பாருங்கள். சனி முதல் சனி வரை 8 இரவு. முழு நாள் என்று கையில் இருப்பது ஞாயிறு முதல் சனி வரை 7. உங்கள் வழியில் பாரிஸ், மிலான், வெனிஸ், ஃப்ளாரன்ஸ், ரோம், நேப்பிள்ஸ், மறுபடி பாரிஸ் என்று ஆறு தடவை பெட்டி கட்ட வேண்டும். ஒவ்வோர் ஊர் மாற்றமும் அரை நாளைத் தின்னும். ஓட்டலில் காலை 10 அல்லது 11 மணிக்குள் அறையைக் காலி செய்யச் சொல்வார்கள். அடுத்த ஊரில் பிற்பகல் 2, 3 மணிக்கு முன் அறை கிடைக்காது. நடுவில் ரயில் ஒன்றரை மணி நேரம்தான் என்றாலும், பெட்டியோடு நிலையத்துக்குப் போவது, பிளாட்பாரம் தேடுவது, இறங்கி ஓட்டலைக் கண்டுபிடிப்பது என்று ஐந்து மணி நேரம் ஓடிவிடும். பாரிசிலிருந்து மிலானுக்கோ ரயிலிலேயே சுமார் 7 மணி நேரம். ஆக ஆறு மாற்றத்துக்குக் குறைந்தது 3 நாள் போய்விட்டால், மீதி 4 நாளில் ஏழு ஊர். அதுவும் முழங்கால் வலியோடு.

ஊர்களை மூன்றாகப் பிரித்துக்கொண்டால் முடிவெடுப்பது எளிது. தங்க வேண்டிய ஊர், தங்கிய இடத்திலிருந்து காலையில் போய் இரவு திரும்பக்கூடிய ஊர், இந்தத் தடவை விட வேண்டிய ஊர். ஓர் ஊர் பெரியதா புகழ் பெற்றதா என்பதை வைத்து இதைப் பிரிக்காதீர்கள். காலையும் இரவும் அந்த ஊரில் இருந்தால்தான் அது கிடைக்குமா என்று பாருங்கள். வெனிஸ் அப்படிப்பட்ட ஊர். பகலில் மட்டும் வந்து போகிறவர்கள் காலை 10 மணிக்கு மேல் வந்து குவிந்து மாலையில் கிளம்புகிறார்கள். அந்த நேரத்தில் சான் மார்க்கோ சதுக்கத்தில் மனிதத் தலைகளைத்தான் பார்க்க முடியும். காலை ஏழு மணிக்கும் இரவு ஒன்பது மணிக்கும் அதே சதுக்கம் வேறோர் இடம். அங்கே இரவு தங்காமல் வருவதானால் போகவே வேண்டாம் என்பேன். பைசாவுக்கு அரை நாள் போதும். ஃப்ளாரன்சிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரம். பாம்பேய்க்கு ஒரு பகல் வேண்டும், இரவு வேண்டாம்.

பாரிசை விட்டுவிடுங்கள். சொல்வதற்கு எனக்கும் வருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் இரண்டு நாள் பாரிஸ் உங்கள் பயணத்திலிருந்து எடுத்துக்கொள்வது இரண்டு நாள் அல்ல, போக்குவரத்தோடு மூன்றரை நாள். நீங்கள் மூவரும் ஆசைப்பட்டுச் சொன்னவை எல்லாம் இத்தாலிக்குள் இருக்கின்றன. மிலானையும் விடலாம். அங்கே டாவின்சியின் ‘இறுதி இராவுணவு’ இருக்கிறதே என்று உங்கள் மனைவி கேட்கக்கூடும். முன்பதிவு செய்தவர்களை 15 நிமிடம் மட்டுமே உள்ளே விடுகிறார்கள். அதற்காக ஓர் இரவைக் கொடுப்பதைவிட அந்த இரவை ஃப்ளாரன்சில் வைத்தால் அவருக்கு உஃபிசி ஓவியக்கூடம் முழுதாகக் கிடைக்கும்.

மிஞ்சுவது ரோமில் 4 இரவு, ஃப்ளாரன்சில் 2, வெனிசில் 2. இரண்டே தடவை பெட்டி கட்டினால் போதும். ரோமிலிருந்து ஃப்ளாரன்ஸ் அதிவேக ரயிலில் சுமார் ஒன்றரை மணி நேரம், அங்கிருந்து வெனிஸ் இரண்டே கால் மணி நேரம். மூன்று ஊரும் ஒரே ரயில் பாதையில் வரிசையாக அமைந்திருப்பது பெரிய வசதி. ஆனால் ரோமில் இறங்கி வெனிசில் விமானம் ஏறினால்தான் அந்த வசதி முழுதாகக் கிடைக்கும். டிக்கெட் தேடும்போது போய்வரும் டிக்கெட் என்று தேடாமல் ‘மல்டி சிட்டி’ என்ற பிரிவில் தேடுங்கள். இரண்டு ஒருவழி டிக்கெட்டுகளைத் தனித்தனியாக வாங்கினால் பெரும்பாலும் விலை ஏறிவிடும். ஒரே டிக்கெட்டாக எடுங்கள். அப்படியும் ரோம் போய்வரும் டிக்கெட்டைவிடக் கூடுதலாக வந்தால் உடனே ஒதுக்கிவிட வேண்டாம். வெனிசிலிருந்து ரோமுக்குத் திரும்ப ரயிலில் ஏறக்குறைய 4 மணி நேரம், மூன்று பேருக்கு ரயில் கட்டணம், கடைசி இரவை ரோமில் கழிக்க வேண்டியிருப்பதால் வெனிசில் ஓர் இரவு இழப்பு. இவற்றை எதிர்ப்பக்கத்தில் எழுதிக் கூட்டிப் பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள்.

அடுத்து, எந்த நாளில் எந்த ஊர் என்பது. இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். வத்திக்கான் அருங்காட்சியகம் ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. மாதத்தின் கடைசி ஞாயிறு மட்டும் திறந்திருக்கும், கட்டணமும் கிடையாது, அதனாலேயே நெரிசல் தாங்காது. ஃப்ளாரன்சின் உஃபிசி, டேவிட் சிலை இருக்கும் அக்காதேமியா, ரோமின் போர்கேசே கலைக்கூடம் மூன்றும் திங்கட்கிழமை மூடியிருக்கும். நேப்பிள்சின் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்துக்குச் செவ்வாய் விடுமுறை. பாம்பேயில் தோண்டி எடுத்த சுவரோவியங்களிலும் மொசைக்குகளிலும் சிறந்தவை அங்கேதான் இருக்கின்றன என்பதால் உங்களுக்கு இது முக்கியம். புதன் காலை போப்பாண்டவர் மக்களைச் சந்திக்கும் நாட்களில் புனித பீட்டர் பேராலயத்துக்குள் காலையில் போக முடியாது.

இவற்றை உங்கள் கிழமைகளோடு பொருத்தினால் வரிசை தானாக அமைகிறது. ஞாயிறு கொலோசியம் என்ற பழைய அரங்கமும் பக்கத்திலுள்ள ரோமன் ஃபோரம் இடிபாடுகளும். அது மாதத்தின் முதல் ஞாயிறாக இருந்தால் மட்டும் யோசியுங்கள். அன்று அரசு அருங்காட்சியகங்களில் கட்டணமில்லை, கொலோசியத்தில் வரிசை மிக நீளும். திங்கள் நீங்கள் பாம்பேய் போங்கள். செவ்வாய் காலை வத்திக்கான். ஞாயிறு மூடியிருந்ததால் திங்களன்று அங்கே கூட்டம் அதிகம், அதற்கும் செவ்வாயே மேல். புதன் காலை ஃப்ளாரன்சுக்கு ரயில், பிற்பகலில் அக்காதேமியா. வியாழன் காலை உஃபிசி. வெள்ளி மதியத்துக்கு மேல் வெனிஸ். பைசா வேண்டுமென்றால் வெள்ளி காலையைத் தர வேண்டும். நான் தர மாட்டேன்.

பாம்பேய்க்குப் போக, ரோமிலிருந்து நேப்பிள்ஸ் வரை ரயிலில் 1 மணி 10 நிமிடம். அதே நிலையத்தின் கீழ்த்தளத்திலிருந்து சிர்க்கும்வெசுவியானா என்ற உள்ளூர் ரயிலில் 40 நிமிடத்துக்குள் ‘பாம்பேய் ஸ்காவி’ நிலையம். அகழ்விடத்தின் வாசல் எதிரிலேயே இருக்கிறது. வெறும் ‘பாம்பேய்’ என்ற பெயரில் வேறொரு நிலையம் நவீன ஊருக்குள் உண்டு, குழம்பிவிட வேண்டாம். உள்ளூர் ரயிலில் இருக்கை ஒதுக்கீடு கிடையாது, நெரிசலில் பிக்பாக்கெட் உண்டு. 2024 நவம்பரிலிருந்து பாம்பேய்க்கு ஒரு நாளைக்கு 20,000 பேர் என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். அதனால் முன்பே டிக்கெட் எடுத்துக்கொள்ளுங்கள்.

அம்மாவைப் பாம்பேய்க்கு அழைத்துப் போக வேண்டுமா என்று யோசிப்பீர்கள். தெருக்கள் முழுக்க மேடுபள்ளமான எரிமலைக் கற்கள், நிழல் குறைவு. நடக்கச் சிரமப்படுபவர்களுக்காக 3 கிலோமீட்டருக்கு மேல் சமன்படுத்திய பாதை ஒன்று போட்டிருக்கிறார்கள்; ஆனால் அந்தப் பாதை, அங்கே போகும் வழியையும் திரும்பும் ரயிலையும் எளிதாக்காது. ஒரே ஊரில் 4 இரவு தங்குவதன் பலன் இங்கேதான் தெரியும். திங்களன்று நீங்கள் மட்டும் போய்வரலாம். அம்மாவும் மனைவியும் ரோமில் தாமதமாக எழுந்து பாந்தியன் என்ற பழைய கோயில் வரை போய், சதுக்கத்தில் உட்கார்ந்து ஒரு நாளைக் கழிக்கலாம். தினமும் ஊர் மாறினால் யாருக்கும் இப்படிப் பிரியவோ ஓய்வெடுக்கவோ வழியில்லை.

படிகளைப் பற்றி முன்பே தெரிந்துகொள்ளுங்கள். புனித பீட்டர் குவிமாடத்துக்கு 551 படி. லிஃப்டில் போனாலும் 320 படி மிஞ்சும். ஃப்ளாரன்ஸ் பேராலயக் குவிமாடத்துக்கு 463 படி, லிஃப்டே கிடையாது. இரண்டையும் அம்மாவுக்கு விட்டுவிடுங்கள், கீழே நின்று பார்ப்பதே நிறைவானது. வத்திக்கான் அருங்காட்சியகத்தில் சிஸ்டைன் சிற்றாலயம் ஏறக்குறையக் கடைசியில் வரும். அதற்குள் கால் ஓய்ந்துவிடும். அங்கே சக்கர நாற்காலி இலவசமாகத் தருகிறார்கள், கூச்சப்படாமல் கேளுங்கள். தோளும் முழங்காலும் மூடிய உடை அவசியம். ஓட்டல் பதிவு செய்யும்போது ‘லிஃப்ட் உண்டா’ என்று மட்டும் கேட்டால் போதாது. பழைய கட்டடங்களில் லிஃப்டை அடையவே பத்துப் பன்னிரண்டு படி ஏற வேண்டியிருக்கும். தெருவிலிருந்து அறை வரை எத்தனை படி என்று எழுதிக் கேளுங்கள்.

வெனிசில் இது இன்னும் முக்கியம். 400க்கு மேற்பட்ட பாலங்கள், பெரும்பாலானவற்றில் படி. வரைபடத்தில் 300 மீட்டர் என்று தெரியும் ஓட்டலுக்கு நடுவில் மூன்று பாலம் இருக்கலாம், பெட்டியைத் தூக்கிக்கொண்டு. வப்பரெத்தோ எனும் படகுப் பேருந்தின் நிறுத்தத்திலிருந்து பாலமே இல்லாமல் போய்ச் சேரக்கூடிய ஓட்டலாகப் பாருங்கள். படகில் 75 நிமிட டிக்கெட் 9.50 யூரோ, 48 மணி நேரச் சீட்டு 35 யூரோ. அம்மாவுக்கு நடை குறைய வேண்டும் என்பதால் சீட்டே லாபம். ரயிலில் ‘வெனிசியா சாந்தா லூசியா’ வரை டிக்கெட் எடுங்கள். அதற்கு முந்தைய மெஸ்த்ரே நிலப்பகுதியில் இருக்கிறது. அங்கே ஓட்டல் மலிவு, ஆனால் வெனிசின் காலையும் இரவும் கிடைக்காது. 2024 முதல் குறிப்பிட்ட சில நாட்களில் பகலில் மட்டும் வருபவர்களிடம் நுழைவுக் கட்டணம் வாங்குகிறார்கள். நகரில் இரவு தங்குபவர்களுக்கு அது இல்லை. அக்டோபர் முதல் கடல் நீர் ஏறும் காலம். பெரிய ஏற்றத்தைக் கடல் வாயிலிலுள்ள தடுப்புக் கதவுகள் நிறுத்திவிடுகின்றன. என்றாலும் தாழ்ந்த இடங்களில் கணுக்கால் நனைய வாய்ப்புண்டு. மாற்றுச் செருப்பு ஒரு ஜோடி வைத்துக்கொள்ளுங்கள்.

விசாவுக்கு: எந்த நாட்டில் அதிக இரவு தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். இரவுகள் சமமாக இருந்தால்தான் முதலில் நுழையும் நாடு. விமானம் இறங்கும் நாட்டிடம் விண்ணப்பித்துச் சிக்கிக்கொள்பவர்கள் நிறைய. உங்கள் பழைய பட்டியல்படியே கூட பாரிசில் இறங்கினாலும் இத்தாலியிடம்தான் கேட்டிருக்க வேண்டும். இப்போது குழப்பமே இல்லை. பயணத்துக்கு 6 மாதத்துக்கு முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். முடிவுக்கு வழக்கமாக 15 நாள், சில சமயம் 45 நாள் வரை ஆகலாம். காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு வேண்டும். விசா வரும்வரை, ரத்து செய்தால் பணம் திரும்பக் கிடைக்கும் ஓட்டல் பதிவுகளையே வைத்துக்கொள்ளுங்கள்.

கொலோசியம் டிக்கெட்டில் ஒவ்வொருவர் பெயரும் இருக்கும். பாஸ்போர்ட்டில் உள்ளபடி எழுத்து பிசகாமல் கொடுங்கள், வாசலில் சரிபார்க்கிறார்கள். அதிவேக ரயில் டிக்கெட்டைச் சீக்கிரம் வாங்கினால் மலிவு. ஆனால் மலிவான வகை அந்த ஒரு ரயிலுக்கு மட்டுமே செல்லும், தவறவிட்டால் பணம் போச்சு. விமானம் தாமதமாகக்கூடிய சனிக்கிழமையன்று அப்படி எதையும் வாங்க வேண்டாம். அன்று ரோமின் ஃபியுமிச்சினோ விமான நிலையத்திலிருந்து லியோனார்தோ எக்ஸ்பிரஸ் ரயில் 32 நிமிடத்தில் நகரின் தெர்மினி நிலையம் சேர்க்கும்.

கடைசி ஞாயிறு வெனிசில் பியாஸ்ஸாலே ரோமா என்ற சதுக்கம் வரைதான் சாலை. அங்கிருந்து விமான நிலையத்துக்குப் பேருந்தில் அரை மணிக்குள். படகில் போனால் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். விமானம் மதியம் என்பதால் காலை எட்டரைக்குள் ஓட்டலை விட்டுக் கிளம்பினால் போதும். அதற்கு முன் ஆறரை மணிக்கு அம்மாவை எழுப்பி முதல் எண் படகில் பெருங்கால்வாய் வழியாக ஒரு முறை அழைத்துப் போய் வாருங்கள். முன்பக்கம் வெளியே இருக்கைகள் உள்ள படகு வந்தால் அங்கே உட்கார வையுங்கள். அந்த நேரத்தில் இடம் கிடைக்கும்.