வண்டி கேள்வி பதில்: பிக்கப் கேப்புக்கு எந்த ஜன்னல் போடலாம்?

கேள்வி: வணக்கம் அண்ணா. டல்லாஸ் பக்கத்துல இருக்கேன், வண்டி ஃபோர்டு எஃப்-150 பிக்கப், பின்னாடி சாமான் ஏத்துற பெட் 5.5 அடி. அது மேல கூரை மாதிரி மாட்டுற ஃபைபர்கிளாஸ் கேப் ஆர்டர் பண்ணலாம்னு டீலர்கிட்ட போனா ஜன்னல்லயே தலை சுத்துது. ஸ்லைடர்ங்கிறாங்க, விண்டோர்ங்கிறாங்க, ஜன்னலே இல்லாம மூடியும் தரோம்ங்கிறாங்க. வாரநாள்ல ஏசி ரிப்பேர் வேலைக்கு டூல்ஸ் ஏத்துவேன், லீவு விட்டா வீட்டம்மா பசங்களோட கால்வெஸ்டன் பக்கம் கேம்பிங். எதைப் போடட்டும்?

பதில்: தம்பி, அழகு எது விலை எதுங்கிறதை அப்புறம் பாப்போம், முதல்ல பெட்டுக்குள்ள என்ன வைக்கப்போறீங்க அதை எந்தப் பக்கத்துலருந்து எடுப்பீங்கன்னு யோசிங்க. கேப் போட்டப்புறம்தான் தெரியும், கேபினை ஒட்டி முன்னாடி வெச்ச சாமானை எடுக்கணும்னா டெயில்கேட்ல, அதான் பெட்டோட பின்பக்க மடக்குப் பலகைல, முட்டி போட்டு உள்ள தவழணும், 5.5 அடி பெட்டுலயே இந்தக் கதைன்னா 8 அடி பெட்டு வெச்சிருக்கவங்க நிலைமைய சொல்லவே வேணாம். தினம் வேலைக்குப் போறவருக்கு முதுகு போயிரும்.

அதனால உங்களுக்கு ஒரு பக்கமாவது விண்டோர் வேணும். அதுன்னா பக்கத்துக் கண்ணாடி முழுசும் மேல தூக்குற கதவு, கேஸ் ஸ்ட்ரட் தாங்கிப் பிடிச்சுக்கும், நின்ன இடத்துலருந்தே கைய விட்டு டூல்பாக்ஸ எடுத்துறலாம். எந்தப் பக்கம்னா பாசஞ்சர் பக்கம், ஏன்னா ரோட்டோரம் நிறுத்தினா அதுதான் நடைபாதைப் பக்கம், டிரைவர் பக்கம் நின்னு குனிஞ்சு தேடிட்டிருந்தா பின்னாடி கார்ங்க உரசிட்டுப் போகும்.

டிரைவர் பக்கத்துக்கு வலை வெச்ச ஸ்லைடர், அதாவது பக்கவாட்டுல தள்ளித் திறக்குற ஜன்னல் போடுங்க. ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கணும்னு ஒண்ணும் கட்டாயம் இல்ல, ஆர்டர் பண்ணும்போதே பக்கத்துக்கு ஒண்ணா சொல்லலாம். ஸ்லைடர்ல பாதிதான் திறக்கும், கைய விட்டு சாமான் எடுக்க லாயக்கில்ல, ஆனா உள்ள படுத்து தூங்குறவங்களுக்கு அதுதான் உயிர். கால்வெஸ்டன் கடற்கரைப் பக்கம் ராத்திரி கொசு எப்படி இருக்கும்னு உங்களுக்கே தெரியும், வலை இல்லாத ஜன்னலைத் திறக்கவும் முடியாது மூடிட்டு படுக்கவும் முடியாது. ஜன்னல் எல்லாம் மூடிட்டு ரெண்டு பேர் தூங்கினா மூச்சுல வர்ற ஈரம் காலைல கூரைல முத்து முத்தா நிக்கும், படுக்கை எல்லாம் நனைஞ்சிரும், காத்து ஒரு பக்கம் வந்து இன்னொரு பக்கம் போகணும். விண்டோர் கண்ணாடிக்குள்ளயே ஸ்லைடரும் வலையும் வெச்சு வர்ற மாடல் இருக்கான்னு கேளுங்க, இருந்தா கூட கொஞ்சம் காசானாலும் அதையே வாங்குங்க. மழைல திறந்து வைக்கணும்னா கீழ்விளிம்பு மட்டும் வெளிய தள்ளுற வென்ட் டைப் நல்லது, ஸ்லைடர்ல சாரல் உள்ள அடிக்கும்.

ஜன்னலே இல்லாம மூடுற ஐடியாவ டூல்ஸ் வெச்சிருக்கவங்க நிறைய பேர் விரும்புவாங்க, வெளிய இருந்து பாத்தா உள்ள என்ன இருக்குன்னு தெரியாதுல்ல, திருடனுக்கு ஆசை வராது. நியாயம்தான். ஆனா லேன் மாறும்போது தோளுக்கு மேல திரும்பிப் பாப்போமே, அந்தப் பார்வை பக்கத்து ஜன்னல் வழியாத்தான் போகுது, அங்க சுவர் இருந்தா பெரிய பிளைண்ட் ஸ்பாட். குடும்பத்தோட ஹைவேல போற வண்டிக்கு நான் அதைச் சொல்லவே மாட்டேன். டார்க் டின்ட் போட்டு, டூல்ஸ ஒரு கறுப்புத் துணியால மூடி வைங்க, போதும்.

முக்கியமா ஒண்ணு, டின்ட் அப்புறமா ஒட்டிக்கலாம், லைட்டு ரூஃப் ரேக்கெல்லாம்கூட அப்புறம் பாத்துக்கலாம், ஆனா ஸ்லைடர அப்புறமா விண்டோரா மாத்துறது லேசுப்பட்ட வேலை இல்ல. பட்ஜெட் இடிச்சா கலர் மேட்ச்ல, உள்ள ஒட்டுற கார்பெட்ல குறைங்க, ஜன்னல்ல குறைக்காதீங்க.

கேள்வி: கேப்போட முன்பக்கம், அதாவது கேபின் பக்கம் வர்ற ஜன்னல் சும்மா பிக்சட் கண்ணாடியா போட்டா என்ன சார்? அதைத் திறந்து என்ன செய்யப்போறோம்? எங்க நாய் மட்டும் பின்னாடி உக்காந்து வரும். (வாசகி, போர்ட்லண்ட், ஆரிகன்)

பதில்: திறக்க வேணாம்மா, துடைக்க வேணும். கேபினோட பின் கண்ணாடிக்கும் கேப்போட முன் கண்ணாடிக்கும் நடுவுல கை நுழையாத சந்து இருக்கும், உங்க ஊர் மழைக்கு அதுல சேறும் பாசியும் சேந்து கொஞ்ச நாள்ல ரியர்வியூ மிரர்ல ஒண்ணுமே தெரியாது. பிக்சட் போட்டா அதைச் சுத்தம் பண்ண கேப்பையே கழட்டி இறக்கணும், ஃபைபர்கிளாஸ் கேப் நாலு பேர் தூக்குற கனம். டிராப்-டவுன்னு ஒரு டைப் இருக்கு, உள்பக்கமா மடிஞ்சு இறங்கும், உள்ள இருந்தே ரெண்டு கண்ணாடியையும் துடைச்சிறலாம். கண்ண மூடிட்டு அதைப் போடுங்க.

நாய் விஷயம் சொன்னீங்களே, அதுக்குத்தான் நான் இவ்வளவு எழுதுறேன். வண்டி ஓடும்போது பின்னாடி காத்தழுத்தம் குறையும், கேப்போட பின்கதவு கொஞ்சம் திறந்திருந்தாலும் எக்ஸாஸ்ட் புகை அந்த இடத்துலருந்து உள்ள இழுபடும். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, நிறம் கிடையாது, நாய் தூங்குதுன்னு நினைச்சிட்டிருப்போம். முன் ஜன்னலையும் கேபின் ஸ்லைடரையும் ரப்பர் பூட் (நடுச் சந்தை அடைக்குற ரப்பர் உறை) வெச்சு இணைச்சிருந்தா அந்தப் புகை உங்க கிட்டயும் வரும். அதனால ஓடும்போது பின்கதவும் டெயில்கேட்டும் எப்பவும் மூடியே இருக்கணும், ரப்பர் சீல் கிழிஞ்சிருக்கான்னு பாருங்க, காத்துக்கு பக்கத்து ஜன்னலைத் திறங்க. பேட்டரில ஓடுற கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒண்ணு வாங்கி உள்ள மாட்டுங்க. கேப்புக்குள்ள படுத்து தூங்குறவங்க குளிருதுன்னு இன்ஜினை ஓட விட்டுட்டு தூங்கவே கூடாது. குழந்தைங்களை அங்க உக்கார வெச்சு வண்டி ஓட்டவும் கூடாது, சீட் பெல்ட் இல்லாத இடம் அது. நாயும்கூட முடிஞ்சா கேபினுக்குள்ள வரட்டுமே, வெயில் நாள்ல அந்தப் பெட்டிக்குள்ள சூடு தாங்காது.

கேள்வி: அண்ணை, நான் ஸ்கார்பரோவில இருக்கிறன். செகண்ட் ஹேண்ட் கேப் ஒண்டு மலிவா வந்திருக்கு, 2017 ஷெவி சில்வராடோ பிக்கப்பில இருந்தது எண்டு சொல்லினம். என்ர வண்டி 2020 சில்வராடோ. சைட் ஸ்லைடர் வின்டருக்கு இறுகிப் போகுது எண்டும் சொல்லினம். வாங்கலாமோ?

பதில்: வேணாம் தம்பி. 2019ல சில்வராடோ 1500 புது பாடிக்கு மாறிருச்சு, பெட்டோட அளவும் மாறிருச்சு, பழைய கேப் மேல உக்காந்த மாதிரி தெரிஞ்சாலும் சரியா பொருந்தாது, ஓரத்துல தண்ணியும் ஸ்னோவும் இறங்கும். 2019க்கு அப்புறம் வந்த வண்டிலருந்து, உங்க பெட் நீளத்துக்கே கழட்டினதா தேடுங்க.

ஸ்லைடர் இறுகுறது கேப்போட குத்தம் இல்ல. அடில இருக்குற தண்ணி வடியுற சின்ன ஓட்டைங்க மண்ணால அடைஞ்சு, ஜன்னல் ஓடுற சேனல்ல தண்ணி நின்னு உறைஞ்சிருது. அக்டோபர்லயே ஒரு பல்குச்சியால அந்த ஓட்டைங்களைக் குத்தி விட்டு, சேனலைக் காய வெச்சு சிலிக்கான் ஸ்ப்ரே அடிங்க. உறைஞ்சதுக்கப்புறம் சுடுதண்ணி ஊத்தாதீங்க, கண்ணாடி வெடிச்சிரும். பழைய கேப் எதைப் பாத்தாலும் ஒருத்தர் டார்ச்சோட உள்ள உக்காரணும், இன்னொருத்தர் வெளிய ஹோஸ் வெச்சு ஒவ்வொரு ஜன்னலா தண்ணி அடிக்கணும். அலுமினிய பிரேம் போட்ட ஜன்னல் ஒழுகினா பயப்பட வேணாம், உள்பக்க ரிங் ஸ்க்ரூவைக் கழட்டி, பழைய டேப்பை உரிச்சு, புது பியூட்டைல் டேப் (தண்ணி புகாத ஒட்டு ரப்பர் பட்டை) ஒட்டிட்டா சரியாயிரும்.

கேள்வி: கேப் போட்டா கேபின் பின்கண்ணாடிக்கு மேல நடுவுல இருக்குற மூணாவது பிரேக் லைட் மறையுதே, பரவாயில்லையா? (வாசகர், சிகாகோ)

பதில்: பரவாயில்லன்னு விடக்கூடாது. அமெரிக்கால 1994 மாடல்லருந்து பிக்கப்புக்கும் அந்த நடு லைட் கட்டாயம், கேப் அதை மறைக்குறதாலதான் கேப்போட பின்பக்கம் மேலயே இன்னொரு லைட் வெச்சுத் தராங்க. வயரை வண்டியோட இணைச்சிருக்காங்களான்னு டீலர் கடையிலயே ஒருத்தரை பிரேக் மிதிக்கச் சொல்லி பின்னாடி நின்னு பாத்துட்டு வண்டிய எடுங்க.