கே-பாப் டிரெய்னி ஆக ஆசைப்படும் மகள்: ஓர் அம்மாவுக்குப் பதில்

அன்புள்ள அம்மா,

பத்தாம் வகுப்பு முடிக்கப் போகும் மகள், ப்ளஸ் ஒன் சேர மாட்டேன், சியோல் போய், கே-பாப் எனும் கொரிய பாப் இசைக் குழுக்களில் சேரப் பயிற்சி எடுக்கும் டிரெய்னி ஆவேன் என்று ஒற்றைக் காலில் நிற்பதாக எழுதியிருக்கிறீர்கள். "அது பாட்டா, பொம்மலாட்டம்" என்று அவள் அப்பா சொன்னதிலிருந்து இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை என்றும் சொல்கிறீர்கள்.

முதலில் அந்த வாதத்தை அவர் விட்டுவிடட்டும். இந்தக் குழுக்களைக் கம்பெனிதான் ஆள் பொறுக்கிச் சேர்க்கிறது என்பது நம்மைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும். அதுவும் கொரியாக்காரர்கள் கண்டுபிடித்த வித்தை இல்லை. அமெரிக்காவில் 1965-லேயே பத்திரிகை விளம்பரம் கொடுத்து, நான்கு பேரைத் தேர்ந்தெடுத்து, டி.வி. தொடருக்காக மங்கீஸ் என்ற குழுவை உருவாக்கினார்கள். 1994-ல் இங்கிலாந்தில் ஸ்பைஸ் கேர்ள்ஸுக்கும் விளம்பரம் கொடுத்துத்தான் ஆள் தேடினார்கள். அவற்றின் பாட்டுகளை இன்றும் கேட்கிறார்கள். செய்து வைத்த குழு என்பதாலேயே பாட்டு மட்டமாகிவிடாது.

அவளிடம் பேச வேண்டியது ஒப்பந்தத்தைப் பற்றி. டிரெய்னி என்றால் பாட்டு, நடனம், கொரிய மொழி என்று நாள் முழுக்கப் பயிற்சி, அவ்வப்போது தேர்வு, தேறாதவர் வெளியே. எத்தனை வருடம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். மேடையேறுவோம் என்ற உத்தரவாதமும் கிடையாது. ஏறினாலும், பல நிறுவனங்களில் ஆல்பம், வீடியோ, தங்குமிடம் என்று போட்ட பணத்தைக் கழித்த பிறகுதான் பங்கு கைக்கு வரும். 2009-ல் டி.வி.எக்ஸ்.க்யூ. என்ற கொரியக் குழுவின் மூவர் தங்கள் 13 வருட ஒப்பந்தத்தை எதிர்த்து நீதிமன்றம் போனார்கள். அதே ஆண்டில்தான் கொரிய அரசின் வணிகப் போட்டி ஆணையம் 7 வருட வரம்போடு ஒரு மாதிரி ஒப்பந்தத்தை வெளியிட்டது.

"திறமை இருந்தால் ஜெயிக்கலாம்" என்பாள். பார்வையாளர் ஓட்டில் ஆள் தேர்ந்தெடுத்த 'ப்ரொட்யூஸ் 101' என்ற கொரிய டி.வி. தொடரில் ஓட்டையே மாற்றியது 2019-ல் அம்பலமாகி, தயாரிப்பாளர் சிறைக்குப் போனதைச் சொல்லுங்கள்.

எனக்கு இதையெல்லாம்விட உறைத்தது ஹெச்.ஓ.டி. கதை. 1996-ல் வந்து இந்தத் தொழிலுக்கே அச்சாக அமைந்த குழு அது. பிரிந்துபோன ஐவரும் 2018-ல் சியோலில் மறுபடி மேடையேறியபோது அந்த மூன்று எழுத்தைப் போட முடியவில்லை. டிரேட்மார்க் வேறொருவர் கையில் இருந்தது. சுருக்கத்தை விட்டுவிட்டு முழுப்பெயரைப் போட்டுக் கச்சேரி நடத்தினார்கள். வேர்வை சிந்தி வளர்த்த பேர், ஆனால் பட்டா வேறு ஆளிடம்!

அதனால்தான் உங்கள் மகளிடம் நான் கேட்க நினைப்பது: குழு கலைந்த மறுநாள் உன் கையில் என்னம்மா இருக்கும்?

முடியவே முடியாது என்று நான் சொல்ல மாட்டேன். ஒடிசாவைச் சேர்ந்த ஸ்ரேயா 2022-ல் பிளாக்ஸ்வான் என்ற கே-பாப் குழுவில் சேர்ந்தார். ஹைப், கெஃபன் என்ற இரு நிறுவனங்கள் சேர்ந்து உருவாக்கிய கேட்ஸ்ஐ குழுவில் பாடும் லாரா, அமெரிக்காவில் வளர்ந்த தமிழ்ப் பெண். ஆனால் அதை நம்பிப் படிப்பை நிறுத்துவது வேறு விஷயம்.

ப்ளஸ் டூ அவசியம். எந்த குரூப் என்றாலும் சரி, கணக்குப் பதிவியலும் வணிகவியலும் உள்ள குரூப் என்றால் எனக்கு இன்னும் சந்தோஷம், பின்னால் ஒப்பந்தத்தை அவளே படிப்பாள். கூடவே கொரிய மொழி. சென்னையில் உள்ள இந்திய-கொரிய கலாச்சார மையமான இன்கோவில் கற்றுத் தருகிறார்கள். டோபிக் என்ற கொரிய மொழித் திறன் தேர்வில் ஆறு நிலைகள். நான்காம் நிலையை எட்டினால், பாட்டு கைகொடுக்காவிட்டாலும், ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துக் கொரியத் தொழிற்சாலைகளில் மொழிபெயர்ப்பாளராக முயற்சி செய்யலாம். நடனத்தை விட வேண்டாம். அதோடு மெட்டுப் போடவோ ஒலிப்பதிவு செய்யவோ கற்றுக்கொள்ளட்டும். கே-பாப் பாட்டுகள் பலவற்றுக்கு மெட்டுப் போடுபவர்கள் ஸ்வீடன்காரர்கள் என்பதை அவளே சொல்வாள். அவர்கள் யாரும் டிரெய்னியாக இருந்தவர்கள் இல்லை. சென்னையில் கே.எம். இசைக் கல்லூரி இருக்கிறது. தரமணி திரைப்படக் கல்லூரியில் ஒலிப்பதிவுப் பட்டப்படிப்பு இருக்கிறது, அதற்கும் ப்ளஸ் டூ வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. பெரிய கொரிய நிறுவனங்கள் ஆடிஷனுக்குப் பணம் வாங்குவதில்லை. "நாங்கள் சியோலுக்கு அனுப்புகிறோம்" என்ற ஒரு பயிற்சி மையத்தில் 40,000 ரூபாய் கட்டிவிட்டு என்னிடம் வந்து அழுத அப்பா ஒருவரை எனக்குத் தெரியும். ரசீதுகூட இல்லை. ஆன்லைன் ஆடிஷனுக்கு அவளே வீடியோ எடுத்து அனுப்பட்டும், தடுக்காதீர்கள். பதில் வந்தால், கையெழுத்துக்கு முன் வக்கீலிடம் காட்டுங்கள். அவள் மைனர், உங்கள் சம்மதம் இல்லாமல் எதுவும் நகராது.

தேர்வு முடிந்ததும் அவளை அழைத்து வாருங்கள். அப்பாவும் வரட்டும். பொம்மலாட்டம் என்ற சொல்லை மட்டும் வீட்டிலேயே வைத்துவிட்டு வரச் சொல்லுங்கள்.