முட்டை போடும் ஏஞ்சல் மீன் தொட்டிக்கு எந்த ஃபில்டர் நல்லது?

நீங்கள் கேட்டிருப்பது இதுதான்: 2 அடித் தொட்டி, ஏஞ்சல் ஜோடி இரண்டு முறை முட்டை போட்டுப் பொரித்தது, குஞ்சுகள் நீந்த ஆரம்பித்த மூன்றாம் நாளே காணாமல் போயின, மேலே தொங்கவிடும் ஃபில்டரை மாற்றிவிட்டு, தொட்டிக்கு வெளியே வைக்கும் கேனிஸ்டர் ஃபில்டர் வாங்கலாமா? வாங்க வேண்டாம். ஏர் பம்பில் ஓடும் ஸ்பாஞ்ச் (பஞ்சு) ஃபில்டரே போதும். ஆனால் புது ஸ்பாஞ்சைக் கடையிலிருந்து கொண்டுவந்து நேராகக் குஞ்சுத் தொட்டியில் இறக்கினால் அதுவும் கைவிட்டுவிடும். அதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

எனக்குக் கொழிஞ்சாம்பாறை. பாலக்காடு மாவட்டம்தான், ஆனால் வீட்டிலும் கடைத்தெருவிலும் தமிழ். பின்கட்டில் பதினோரு தொட்டி வைத்து கப்பி, ஏஞ்சல், ஃபைட்டர் வளர்க்கிறேன். என் முதல் ஏஞ்சல் ஜோடிக்கு நானும் தொங்கும் ஃபில்டர்தான் போட்டிருந்தேன். முந்தின நாள் ராத்திரி தொட்டி மூலையில் புகை போலக் கூட்டமாக நின்ற குஞ்சுகள் காலையில் பாதிகூட இல்லை. பெரிய மீன்கள் தின்றிருக்கும் என்று நினைத்தேன். சந்தேகத்தில் ஃபில்டரைத் திறந்து உள்ளே இருந்த பஞ்சை வெள்ளைக் கிண்ணத்தில் மெல்லப் பிழிந்தேன். கண் மட்டும் கறுப்புப் புள்ளி, உடம்பு கண்ணாடி இழை. நாற்பது வரை எண்ணிவிட்டு நிறுத்தினேன். இரண்டு மூன்று அப்போதும் துடித்துக்கொண்டிருந்தன. உங்கள் குஞ்சுகளும் அங்கேதான் போயிருக்கும் என்று நினைக்கிறேன். ஒரு தடவை திறந்து பாருங்கள்.

மோட்டார் உள்ள எந்த ஃபில்டருக்கும் இந்தக் குணம் உண்டு. 5 மில்லிமீட்டர் குஞ்சால் அந்த இழுப்பை எதிர்த்து நீந்த முடியாது. கேனிஸ்டர் இன்னும் வேகமாக இழுக்கும். அதோடு அது மூடிய டப்பா. கரண்ட் இரண்டு மூன்று மணி நேரம் போனால் உள்ளே பிராணவாயு தீர்ந்து, தண்ணீரைச் சுத்தம் செய்யும் பாக்டீரியா சாக ஆரம்பிக்கலாம், கரண்ட் வந்ததும் அந்தக் கெட்ட தண்ணீர் அப்படியே தொட்டிக்குள் வரும். காட்சித் தொட்டிக்கு அது நல்ல சாமான்தான், மறுக்கவில்லை.

ஸ்பாஞ்சில் வேலை எளிது. குழாய்க்குள் குமிழி மேலே ஏறும்போது தண்ணீரையும் சேர்த்துத் தூக்கும், அந்த இடத்தை நிரப்பப் புதுத் தண்ணீர் பஞ்சு வழியாக உள்ளே வரும். இழுப்பு பஞ்சின் மேல்பரப்பு முழுக்கப் பரவிவிடுவதால் குஞ்சு ஒட்டிக்கொள்ளாது. இன்னொன்றும் உண்டு. பழகிய பஞ்சின் மேல் கண்ணுக்குத் தெரியாத சின்ன உயிர்கள் படிந்திருக்கும். குஞ்சுகள் நாள் முழுக்க அதைக் கொத்திக்கொண்டே இருக்கும். நாம் ஆர்டீமியா (பொடி இறால் போன்ற உயிர்த் தீனி) கொடுக்கும் இரண்டு வேளைக்கு நடுவே அதுதான் அவற்றுக்குத் தீனி.

இப்போது புதுப் பஞ்சின் சங்கதி. மீன் கழிவிலிருந்தும் மிச்சத் தீனியிலிருந்தும் வருவது அமோனியா. ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக்கும், இன்னொரு வகை நைட்ரேட்டாக்கும். முதல் இரண்டும் குஞ்சைக் கொல்லும், மூன்றாவது தண்ணீர் மாற்றினால் போய்விடும். இந்த பாக்டீரியா பஞ்சில் குடியேற 4 முதல் 6 வாரம் ஆகும். எங்கள் பக்கம் போர் தண்ணீர், கடினத் தண்ணீர், பி.எச். (அமில, காரத் தன்மையின் அளவு) 8 பக்கம் நிற்கும். பி.எச். 7இல் மொத்த அமோனியாவில் நூற்றில் ஒரு பங்குகூட விஷ வடிவில் இருக்காது. 8 ஆனால் அது ஏறக்குறைய பத்து மடங்காகும். தண்ணீர் சூடு ஏறினால் இன்னும் கூடும். பங்குனி, சித்திரையில் பாலக்காட்டு வெயில் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. குஞ்சுத் தொட்டியில் ஆர்டீமியா வேறு கொட்டுகிறோம். பழகாத பஞ்சு இதைத் தாங்காது.

அதனால் நான் எப்போதும் பெரிய மீன்கள் இருக்கும் தொட்டியில் கூடுதலாக இரண்டு ஸ்பாஞ்ச் ஓடவிட்டிருப்பேன். முட்டை பொரித்துக் குஞ்சு நீந்தும் நாளில் அதில் ஒன்றை எடுத்துக் குஞ்சுத் தொட்டிக்கு மாற்றிவிடுவேன். அந்த இடத்தில் புதுப் பஞ்சு போய் உட்காரும். நோய் வந்த தொட்டியிலிருந்து மட்டும் எடுக்காதீர்கள். கடைக்காரர் தன் தொட்டியில் ஓடிய பஞ்சைத் தருகிறேன் என்றாலும் வேண்டாம். அதில் ஹைட்ரா என்ற கொட்டும் இழைகள் உள்ள பொடி நீர் உயிர் வந்தால் குஞ்சுகளை அதுவே பிடித்துத் தின்னும். முட்டையில் பூஞ்சை வராமல் மெத்திலீன் புளூ மருந்து போடுகிறவராக இருந்தால் அந்த மருந்துத் தண்ணீரில் பஞ்சை வைக்காதீர்கள், பாக்டீரியாவுக்கு ஆகாது. குஞ்சு நீந்தும் வரை ஏர் ஸ்டோன் (காற்றைக் குமிழியாக்கும் கல்) போதும்.

கழுவும்போது பஞ்சைக் குழாயடிக்குக் கொண்டுபோகக் கூடாது. தொட்டித் தண்ணீரையே பக்கெட்டில் எடுத்து அதில் இரண்டு மூன்று தடவை பிழியுங்கள், வெள்ளையாகும் வரை அல்ல. தொட்டியில் இரண்டு பஞ்சு இருந்தால் ஒரு வாரம் ஒன்று, அடுத்த வாரம் மற்றது. அடியில் மணல் போட வேண்டாம், வெறும் கண்ணாடியாக இருந்தால் கழிவு கண்ணில் படும். ஏர் டியூபையே சைஃபனாக வைத்து ஒரு வெள்ளை மக்கில் இறக்குவேன். தவறி வந்த குஞ்சு வெள்ளையில் பளிச்சென்று தெரியும், டிராப்பரால் எடுத்துத் திருப்பி விட்டுவிடலாம்.

குமிழியை வால்வு வைத்துக் குறைத்துக்கொள்ளுங்கள். முதல் வாரம் ஒவ்வொன்றாக எண்ணும் வேகத்தில் வந்தால் போதும், அப்புறம் மெல்லக் கூட்டலாம். பம்பைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே மாட்டுங்கள். கீழே வைத்தால் கரண்ட் போனதும் டியூப் வழியாகத் தண்ணீர் இறங்கி பம்புக்குள் புகுந்துவிடும். மேலே இடமில்லை என்றால் தண்ணீரைத் திரும்ப விடாத வால்வு ஒன்று டியூபில் போடுங்கள். சின்ன ஏர் பம்ப் சில வாட்தான் எடுக்கும், வீட்டு இன்வெர்ட்டரில் ராத்திரி முழுக்க ஓடும். குஞ்சுகள் ஐந்து ரூபாய் நாணயம் அளவு வந்த பிறகு பெரிய தொட்டிக்கு மாற்றி, தொங்கும் ஃபில்டரின் வாயில் பஞ்சு மாட்டி அதையும் ஓட்டலாம். அதனால் இருப்பதை விற்றுவிடாதீர்கள்.

முட்டையை எடுத்துவிட்டால் ஏஞ்சல் ஜோடி ஒன்றிரண்டு வாரத்தில் மறுபடி போடும். எனவே இன்றைக்கே இரண்டு பஞ்சு வாங்கிப் பெரிய தொட்டியில் இறக்குங்கள். தொங்கும் ஃபில்டரை உடனே எடுக்க வேண்டாம், இப்போது பாக்டீரியா இருப்பது அதில்தான். இழுக்கும் வாயில் ஒரு பஞ்சு மட்டும் மாட்டிவிடுங்கள். ஒன்றரை மாதத்துக்குள் வரும் முட்டைகளைத் தாய் தகப்பனிடமே விட்டுவிடுங்கள். சில ஜோடி தின்னும், சில ஜோடி அழகாகக் காவல் காக்கும். உங்கள் ஜோடி எப்படி என்பதும் அதற்குள் தெரிந்துவிடும்.