கணக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பணம் மாதாமாதம்

கேள்வி: டெக்சாஸில் ஜனவரியில் சின்ன டிபன் கடை திறந்தோம். வேலைக்கு நான்கு பேர்; எல்லோருக்கும் சேர்த்து மாதச் சம்பளம் 12,000 டாலர், அதில் பிடிக்கும் வருமான வரி 900. சம்பள வரிக்கான 941 படிவத்தை ஏப்ரல் 30 அன்று அனுப்பி, மூன்று மாத வரியையும் அன்றே ஆன்லைனில் கட்டினேன். அமெரிக்க மத்திய வரித்துறையான ஐ.ஆர்.எஸ். 684 டாலர் அபராதம் போட்டிருக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறைதானே?

பதில்: கணக்குக் காட்டுவதுதான் மூன்று மாதத்துக்கு ஒருமுறை. ஏப்ரல் 30, ஜூலை 31, அக்டோபர் 31, ஜனவரி 31 என்று நான்கு கெடு. பணத்துக்குத் தனிக் கெடு உண்டு. காலாண்டு வரி 2,500 டாலருக்குள் இருந்தால்தான் படிவத்தோடு சேர்த்துக் கட்டலாம். அதைத் தாண்டினால், புதிய முதலாளி ஒவ்வொரு மாத வரியையும் அடுத்த மாதம் 15-க்குள் இ.எஃப்.டி.பி.எஸ். (மத்திய அரசின் ஆன்லைன் வரி செலுத்தும் தளம்) போன்ற மின்வழியில் செலுத்த வேண்டும்.

உங்கள் கணக்கையே பாருங்கள். மாதச் சம்பளம் 12,000 டாலர். சோஷியல் செக்யூரிட்டி (ஓய்வூதியம்), மெடிகேர் (முதியோர் மருத்துவக் காப்பீடு) வரிகள் முதலாளி, தொழிலாளி இரு தரப்பும் சேர்ந்து 15.3%, அதாவது 1,836. பிடித்த வருமான வரி 900. ஆக மாதம் 2,736. ஜனவரி, பிப்ரவரிப் பணம் 15 நாளுக்கு மேல் தாமதம் என்பதால் 10%. மார்ச் பணம் சரியாக 15 நாள் தாமதம், அதற்கு 5%. கூட்டினால் 684. அபராதம் சரியாகத்தான் போட்டிருக்கிறார்கள்.

ஆனால் உடனே கட்டிவிடாதீர்கள். முதன்முதலாகச் சம்பள வரி கட்ட வேண்டிய காலாண்டில் தெரியாமல் தவறிய சிறு முதலாளி, படிவத்தை நேரத்தில் கொடுத்திருந்தால், அபராதத்தைத் தள்ளுபடி செய்யச் சட்டத்திலேயே இடமுண்டு. நோட்டீஸில் உள்ள எண்ணை அழைத்து, இது முதல் காலாண்டு என்று சொல்லிக் கேளுங்கள்.

பலர் சறுக்கும் இடம் ஒன்று: ஜனவரி கடைசி வார வேலைக்குப் பிப்ரவரி 3-ல் சம்பளம் கொடுத்தால் அது பிப்ரவரி வரி. சம்பளம் கைமாறிய தேதிதான் கணக்கு. இ.எஃப்.டி.பி.எஸ்.ஸில் கெடுவுக்கு முந்தைய நாள், கிழக்கு நேரம் இரவு 8 மணிக்குள் பதிய வேண்டும். 15-ஆம் தேதி காலையில் உட்கார்ந்தால் தாமதம்தான். கடை மூடியிருந்து சம்பளமே கொடுக்காத காலாண்டிலும் சீசன் தொழில் அல்லாதவர்கள் பூஜ்யம் போட்டு 941 அனுப்பியாக வேண்டும்.

மத்திய அரசின் வேலையின்மை வரிக்கான 940 படிவம் ஆண்டுக்கு ஒருமுறை, ஜனவரி 31. டெக்சாஸின் வேலையின்மை வரி காலாண்டுக்கு ஒருமுறை, மாநிலத்துக்குத் தனியாக.

தொழிலாளியிடம் பிடித்த பணத்தைக் கடைச் செலவுக்குத் தொடவே தொடாதீர்கள். வேண்டுமென்றே கட்டாமல் விட்டால், கம்பெனி பெயரில் கடை இருந்தாலும் ஐ.ஆர்.எஸ். உங்கள் சொந்தச் சொத்துக்கே வரும். சம்பளம் போடும் அன்றே வரியைத் தனி வங்கிக் கணக்குக்கு மாற்றிவிடுங்கள்.