டாக்ஸிக் என்றால் வில்: நீங்கள் கேட்டவை, நான் சொன்னவை

படித்தது ஆங்கில இலக்கியம், உட்கார்ந்திருப்பது கோபி பக்கத்தில் அப்பா ஆரம்பித்த பூச்சிமருந்துக் கடையில். டாக்ஸிக், பாய்சன் என்கிற சொற்களைத் தினமும் டப்பா மேலேயே பார்க்கிறவன் என்பதால், அவை எங்கிருந்து வந்தன என்று கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன் என்றேன். வந்த கேள்விகளும் பதில்களும் கீழே.

டாக்ஸிக் என்ற சொல் விஷம் என்ற அர்த்தத்திலேயே பிறந்ததுங்களா அண்ணா? (கல்லூரி மாணவி, ஈரோடு)

இல்லை அம்மணி, அது வில்லிலிருந்து பிறந்தது. கிரேக்க மொழியில் டாக்ஸன் என்றால் வில். அம்பு முனையில் தடவுகிற நஞ்சை 'டாக்ஸிகான் ஃபார்மகான்' என்றார்கள், அதாவது வில்லுக்கான மருந்து. நாள்பட நாள்பட 'மருந்து' உதிர்ந்துபோய், 'வில்லுக்கானது' என்ற முன்பாதியே நஞ்சுக்குப் பெயராக நின்றுவிட்டது. அதுவே லத்தீனில் டாக்ஸிகம் ஆகி, 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தது. வில்வித்தையில் பிரியமுள்ளவரை ஆங்கிலத்தில் இன்றும் டாக்ஸோஃபிலைட் என்பார்கள், அந்தச் சொல்லில் விஷம் துளிகூட இல்லை, வெறும் வில்தான்.

அப்போ ஃபார்மகான் என்பது மருந்தா, விஷமா? (சென்னிமலை)

இரண்டும்தான். குணமாக்குவதற்கும் கொல்வதற்கும் கிரேக்கர்கள் அந்த ஒரே சொல்லை வைத்திருந்தார்கள், ஃபார்மஸி அதிலிருந்து வந்ததுதான்.

நாமும் அப்படித்தானே பேசுகிறோம்? காய்ச்சலுக்குக் குடிப்பதும் மருந்து, வாழைக்கும் மஞ்சளுக்கும் அடிப்பதும் மருந்து. "காட்டுக்கு மருந்தடிக்கப் போறனுங்க" என்றுதான் எல்லாரும் சொல்கிறோம், "நஞ்சடிக்கப் போறேன்" என்று ஒருவர் சொல்லி நான் கேட்டதில்லை. எனக்கு இது மனசை உறுத்துகிற விஷயம். போன மார்கழியில் கடைக்கு வந்த ஒரு பெரியவர் வாளித் தண்ணீரில் வெறுங்கையை விட்டுக் கலக்கியதாகச் சொன்னார். விரலைப் பார்த்தேன், நகத்தோரம் தோல் உரிந்து வெளுத்துக் கிடந்தது. "மருந்துதானுங்க தம்பி, கை பட்டா என்ன பண்ணும்" என்றார். அவர் மேல் தப்பே இல்லை. மருந்து என்று பெயர் வைத்துக் கொடுத்தால் யாரும் மருந்து மாதிரிதான் தொடுவார்கள். அன்றைக்கு இருந்து கடையில் யாருக்கு எடுத்துக் கொடுத்தாலும் 'இது நஞ்சுங்க' என்று வாய்விட்டுச் சொல்லிக் கையுறையையும் சேர்த்துத்தான் கொடுக்கிறேன்.

டப்பாவில் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று கட்டம் போட்டிருக்கிறதே, அது கம்பெனி அடையாளமா? (பவானி)

கம்பெனி அடையாளம் இல்லைங்க, சட்டம். 1968ஆம் வருடப் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் கீழ் 1971இல் வந்த விதிகள்படி, சாய்சதுரத்தின் கீழ்ப்பாதி நிறம் நச்சின் கடுமையைச் சொல்கிறது. சிவப்பு மிகக் கடுமை, அதில் மண்டை ஓடும் பாய்சன் என்ற எழுத்தும் இருக்கும். மஞ்சள் அதற்கு அடுத்தது, இதிலும் பாய்சன் என்றே போட்டிருக்கும். நீலம் நடுத்தரம். பச்சை குறைந்த நச்சு, அவ்வளவுதான், ஒன்றும் செய்யாது என்று அர்த்தம் இல்லை. பச்சை என்று நம்பி மீதியைத் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வீட்டுக்குள் வைக்கிறவர்கள் நிறைய, தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

பாம்பு விஷத்தை வெனம் என்கிறார்கள், அரளியைப் பாய்சன் என்கிறார்கள். ஏன் இரண்டு சொல்? (சத்தியமங்கலம்)

கடித்தோ கொட்டியோ உடம்புக்குள் ஏற்றினால் வெனம். நாம் தின்றோ தொட்டோ மூச்சில் இழுத்தோ ஏறினால் பாய்சன். பிறப்பைப் பார்த்தால் இரண்டுமே சாது. லத்தீனில் போஷியோ என்றால் குடிப்பது, பானம். அதிலிருந்துதான் பாய்சனும் வந்தது, மருந்துத் திரவத்தைச் சொல்கிற போஷனும் வந்தது, இரண்டும் உடன்பிறப்புகள்.

வெனத்தின் கதை இன்னும் நெருக்கமானது. லத்தீனில் வெனெனம், அது காதல் தேவதை வீனஸின் பெயரோடு ஒட்டியது, முதலில் வசிய மருந்தைக் குறித்திருக்க வேண்டும் என்பது சொல்லாராய்ச்சிக்காரர்கள் கருத்து. நம் ஊரில் 'இடுமருந்து' என்பார்களே, சோற்றில் கலந்து கொடுத்து மயக்கிவிட்டார்கள் என்று, கிட்டத்தட்ட அதே பொருள்.

லீத்தல்? (திருப்பூர்)

லீத்தல் என்றால் உயிரைப் பறிக்கக்கூடியது. லத்தீனில் லீட்டம் என்றால் சாவு. எழுத்துக்கூட்டலில் நடுவே இருக்கிற எச், கிரேக்கக் கதைகளில் வரும் மறதி ஆறான லீத்தியை நினைத்துப் பிற்பாடு நுழைத்தது.

நம் விஷம் என்ற சொல்லுக்கும் ஆங்கிலத்துக்கும் உறவு உண்டா? (கரூர்)

உண்டு. வடமொழி விஷமும் லத்தீன் வைரஸும் ஒரே வேர். லத்தீனில் வைரஸ் என்றால் நஞ்சு, கொழகொழப்பான சாறு. 1898இல் பெய்ஜெரிங்க் என்ற டச்சுக்காரர் புகையிலையில் வரும் தேமல் நோயை ஆராய்ந்தபோது, நுண்ணிய வடிகட்டியையும் தாண்டிப் போகிற அந்தத் தொற்றை வைரஸ் என்று அழைத்தார், இன்றைய பொருள் அங்கிருந்து வளர்ந்தது.

நஞ்சு நம் சொல். மாடு கன்று போட்டதும் வீட்டில் முதலில் கேட்பது "நஞ்சுக்கொடி போட்டுருச்சா" என்றுதான். கன்றை வயிற்றில் வளர்த்த அதே கொடி வெளியே வராமல் உள்ளே தங்கிவிட்டால் அழுகி மாட்டையே சாய்த்துவிடும். விடியற்காலை டார்ச்சைப் பிடித்துக்கொண்டு கட்டுத்தறியில் காத்திருந்தவர்களுக்கு அந்தப் பெயரை விளக்கவே வேண்டாம்.

போதையை இன்டாக்ஸிகேஷன் என்பது ஏன்? (பெருந்துறை)

அந்தச் சொல்லுக்குள்ளும் டாக்ஸிக் இருக்கிறது பாருங்கள். முதல் பொருள் நஞ்சூட்டுவது, குடிவெறி என்ற பொருள் பிறகு வந்தது. 'நஞ்சுண்பார் கள்ளுண் பவர்' என்று 926ஆம் குறள் சொல்கிறது. இரண்டு மொழியும் ஒன்றையொன்று பார்த்து எழுதியதில்லை, ஆனாலும் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. எனக்கு உடம்பு சிலிர்த்த இடம் இது.

ஜெர்மன் படிக்கிறேன் அண்ணா, அங்கே கிஃப்ட் என்றால் விஷமாமே? (செவிலியர், கோவை)

ஆமாம், ஆங்கில கிஃப்டும் அதுவும் ஒன்றேதான், 'கொடுக்கப்பட்டது' என்று பொருள். மருந்தளவைச் சொல்கிற டோஸும் கிரேக்கத்தில் 'கொடுத்தல்'தான். ஜெர்மனில் வரதட்சணைக்கு மிட்கிஃப்ட் என்று பெயர், பழைய பொருள் அதில் மட்டும் தங்கிவிட்டது. வேலைக்குப் போகிற இடத்தில் அலமாரியில் கிஃப்ட் என்று எழுதியிருந்தால் தள்ளி நில்லுங்கள் அம்மணி.

எங்கள் காட்டில் கண்வலிக் கிழங்கு போட்டிருக்கிறோம். அது டாக்ஸிக் என்கிறார்கள், பிறகு ஏன் மருந்துக் கம்பெனி விதை வாங்குகிறது? (மூலனூர்)

ஃபார்மகான் என்று மேலே சொன்னேனே, அது உங்கள் பந்தலிலேயே காய்க்கிறதுங்க. விதையில் இருக்கிற கோல்ச்சிசின் கீல்வாத வகையில் ஒன்றான கௌட்டுக்கு மருந்து, அளவு கொஞ்சம் கூடினால் ஆளைக் கொல்லும். கருங்கடல் ஓரத்துக் கோல்கிஸ் நாட்டின் பெயரில் கோல்ச்சிகம் என்று ஒரு செடி, அதிலிருந்து இந்தப் பெயர். கிரேக்கக் கதைகளில் விஷம் கலக்கத் தெரிந்த மெடியா பிறந்ததும் அந்த நாடுதான். கண்வலிக் கிழங்கு என்று நாம் சொல்கிற செங்காந்தளில் இருப்பதும் அதே சரக்கு.

காலையில் பூவுக்குப் பூ மகரந்தம் தொட்டுவிடுகிற பெண்களிடம் கை கழுவாமல் தூக்குப்போசியைத் திறக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். தோண்டிய கிழங்கைச் சமையலறைப் பக்கம் போடாதீர்கள், தெரியாதவர்கள் கண்ணுக்கு அது வள்ளிக்கிழங்கு மாதிரியே இருக்கும்.