ஒரு வயதுக் குழந்தைக்கு மாதச் செலவு எதில் அதிகம்? எங்கே குறைக்கலாம்?

பெரும்பாலும் டயப்பரில்தான். நாளுக்கு ஐந்து, ஒன்று பத்து ரூபாய் என்று வைத்தாலே மாதம் 1,500 ரூபாய். பகலில் பழைய வேட்டியைக் கிழித்துக் கட்டிவிட்டு, இரவுக்கும் பயணத்துக்கும் மட்டும் டயப்பர் போட்டால் பாதிக்கு மேல் மிச்சமாகும்.

அப்புறம் தடுப்பூசி. ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஐந்து நோய்களைத் தடுக்கும் பென்டாவேலன்ட், வயிற்றுப்போக்கைத் தடுக்கும் ரோட்டா, நிமோனியாவுக்கான பிசிவி எல்லாமே இலவசம். தனியாரில் பிசிவி ஒரு தவணைக்கே ஆயிரக்கணக்கில் ஆகும். அரசு ஊசி மட்டம் என்று யார் சொன்னாலும் தயவுசெய்து நம்பாதீர்கள்.

அங்கன்வாடியில் பெயர் பதிந்தால் ஆறு மாதம் முதல் மூன்று வயது வரை சத்துமாவு தருவார்கள். கட்டி தட்டாமல் கூழாகக் காய்ச்சி, சொட்டு நெய் விட்டுக் கொடுங்கள். துணிமணிக்கு அக்கா பிள்ளைகளின் சட்டையே போதும். காய்ச்சல், வயிற்றுப்போக்கு என்றால் மட்டும் காசு பார்க்காமல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.