இரண்டு கார்டு சேர்ந்து வந்தால்: டாரட் கேள்வி பதில்

டாரட் என்ற படச் சீட்டில் இரண்டே கார்டு எடுத்துக் குறி பார்ப்பவர்களுக்காக இன்று உட்கார்ந்திருக்கிறேன். என் கையில் இருப்பது 1909-ல் லண்டனில் வெளியான ரைடர்-வெய்ட் சீட்டுக்கட்டு. பதில்களும் அந்தப் படங்களை வைத்துத்தான். கார்டின் பெயரை மட்டும் அனுப்பாதீர்கள். எடுக்கும் முன் என்ன கேட்டீர்கள், எது முதலில் வந்தது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

வேலையை விடலாமா என்று கேட்டு எடுத்தேன். முதலில் டவர், அடுத்து ஸ்டார். டவரைப் பார்த்ததும் கை நடுங்கிவிட்டது. (திருநெல்வேலி)

நடுங்க வேண்டாம். எல்லோரும் செய்கிற தப்பு ஒன்று உண்டு: புத்தகத்தில் டவருக்கு ஒரு வரி, ஸ்டாருக்கு ஒரு வரி படித்து, நடுவில் ‘ஆனால்’ போட்டு ஒட்டிவிடுவது. "அழிவு, ஆனால் நம்பிக்கை." இதை வைத்து யார் என்ன முடிவு எடுக்க முடியும்?

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படத்தைப் பாருங்கள். டவரில் கறுத்த வானம், மின்னல், உச்சியிலிருந்த கிரீடம் தெறிக்கிறது, இரண்டு பேர் உடுத்திய உடுப்போடு தலைகீழாக விழுகிறார்கள். ஸ்டாரில் ஒருத்தி ஆடையே இல்லாமல் தரையில் மண்டியிட்டு இரண்டு குடத்திலிருந்து தண்ணீர் ஊற்றுகிறாள். ஒரு குடம் குளத்தில், ஒரு குடம் மண்ணில். முதல் படத்தில் இருப்பவர்கள் இன்னும் தரைக்கு வரவில்லை. இரண்டாவதில் இருப்பவள் வந்துவிட்டாள், இழக்க எதுவும் மிச்சமில்லை, அதனால் பதற்றமும் இல்லை. எண்ணையும் பாருங்கள்: 16, 17. அடுத்தடுத்த வீடு.

உங்கள் கேள்விக்கு இதை எப்படிப் பொருத்துவது? டவர் ‘நீ குதி’ என்று சொல்லவில்லை, ‘கட்டடமே ஆட்டத்தில் இருக்கிறது’ என்கிறது. ஸ்டாரில் தண்ணீர் சொட்டுச் சொட்டாகத்தான் ஊறும், அடுத்த மாதமே புதுச் சம்பளம் வராது. ஆகவே ஆறு மாத வீட்டுச் செலவைக் கையில் வைத்துக்கொண்டு யோசியுங்கள். வரிசை மாறி, ஸ்டார் முதலில் வந்திருந்தால் நான் வேறு மாதிரிச் சொல்லியிருப்பேன்: இப்போது நிம்மதியாக இருப்பதாக நினைக்கும் இடத்தில்தான் விரிசல் என்று.

இரண்டுமே மேஜர் ஆர்கானா வந்தால் பெரிய சம்பவம் நடக்குமாமே? (சேலம்)

கட்டில் 78 கார்டு, அதில் டவர், ஸ்டார் மாதிரித் தனிப்பெயர் கொண்ட மேஜர் 22, மீதி கப்ஸ், வாண்ட்ஸ் மாதிரி நான்கு இனச் சீட்டு. இரண்டும் மேஜராக வரும் வாய்ப்பு கணக்குப் போட்டால் சரியாகப் பதின்மூன்றில் ஒன்று. தினமும் எடுப்பவருக்குச் சராசரியாக மாதம் இரண்டு முறை வரும். மாதம் இரண்டு பெரிய சம்பவம் உங்களுக்கு நடக்கிறதா?

லவ்வர்ஸ், டெவில். என் வீட்டுக்காரருக்கு வேறு தொடர்பு இருக்கிறதா அக்கா? (பெயர் வேண்டாம்)

இந்த இரண்டும் ஒரே படத்தின் இரண்டு பிரதி. ஆறாம் கார்டு, பதினைந்தாம் கார்டு. ஒன்றும் ஐந்தும் ஆறு. இரண்டிலும் ஓர் ஆண், ஒரு பெண், மேலே ஓர் உருவம். லவ்வர்ஸில் மேலே தேவதை, டெவிலில் சாத்தான். மூன்றாவது ஆள் என்று யாரும் புதிதாக நுழையவில்லை, கவனியுங்கள். மாறியது மேலே நிற்பது மட்டும்தான். விரும்பிச் சேர்ந்தது இப்போது பழக்கமாகவோ, பயமாகவோ, கடனாகவோ ஆகிவிட்டது என்று படிப்பேன். இன்னொன்று: டெவிலில் இருவர் கழுத்திலும் சங்கிலி இருக்கிறது, ஆனால் தொளதொள. தலைவழியே கழற்றிவிடலாம்.

அவர் என்ன செய்கிறார் என்பதைச் சீட்டு வேவு பார்க்காது. அவரிடமே கேளுங்கள். தயவுசெய்து ‘தெளிவுக்காக’ மூன்றாவது கார்டு எடுக்காதீர்கள். நான் ஆரம்பத்தில் ஒரு ராத்திரி அப்படி ஆரம்பித்து ஒன்பது கார்டு வரை போனேன். விடிந்தபோது கேள்வி என்னவென்றே மறந்துவிட்டது.

சிக்ஸ் ஆஃப் கப்ஸ், எய்ட் ஆஃப் கப்ஸ். அவர் திரும்பி வருவாரா? (திருச்சி)

சிக்ஸில் ஒரு பையன் சிறுமிக்குப் பூக்கோப்பை கொடுக்கிறான், பழைய நினைவு. எய்ட்டில் சிவப்பு அங்கி போட்டவர் கோப்பைகளை அடுக்கியபடியே விட்டுவிட்டு மலைப்பக்கம் நடக்கிறார். எல்லோரும் பார்க்கத் தவறுவது சிக்ஸின் பின்புறம்: அங்கேயும் ஒருவர் கம்போடு முதுகு காட்டிப் போகிறார். இரண்டு படத்திலும் ஒருவர் போய்க்கொண்டே இருக்கிறார். பூவை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பது நீங்கள்.

டெத், டூ ஆஃப் கப்ஸ். திரும்பி வருவாரா?

பழையபடி வராது. புதிதாக ஒன்று தொடங்கலாம். அது அவரோடுதானா என்று கார்டில் எழுதியிருக்காது.

ஹெர்மிட், ஸ்டார். திரும்பி வருவாரா?

மேலே இரண்டு பேருக்குச் சொன்னதைப் படியுங்கள். மூன்றாவது கார்டு வேண்டாம்.

அப்பாவுக்கு நாளைக்கு ஆபரேஷன். டெத், ஃபோர் ஆஃப் ஸ்வோர்ட்ஸ் வந்திருக்கிறது.

கட்டை மூடி அலமாரியில் வையுங்கள். உடம்புக்கு நான் சீட்டு பார்ப்பதில்லை, நீங்களும் பார்க்காதீர்கள். டாக்டரிடம் கேட்க வேண்டியதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு, கொஞ்சம் தூங்கப் பாருங்கள் அம்மா.

ஏஸ் ஆஃப் வாண்ட்ஸும் டூ ஆஃப் கப்ஸும் சேர்ந்தால் தீயும் நீரும். ஒன்றையொன்று அழித்துவிடும், ரீடிங்கே செல்லாது என்று என் வகுப்பில் சொன்னார்கள். (கோவை)

பாதி சரி. வாண்ட்ஸ் தீ, கப்ஸ் நீர், ஸ்வோர்ட்ஸ் காற்று, பென்டக்கிள்ஸ் மண். தீக்கு நீர் பகை, காற்றுக்கு மண் பகை, மற்ற ஜோடிகள் ஒத்துப்போகும். இது 1888-ல் லண்டனில் தொடங்கிய கோல்டன் டான் என்ற மாந்திரீகச் சங்கத்தார் வகுத்த முறை. ஆனால் பகை என்றால் இரண்டும் பலம் குறையும், அவ்வளவுதான்; அழியாது. முதுகில் பத்து வாள் குத்திய டென் ஆஃப் ஸ்வோர்ட்ஸுக்குப் பக்கத்தில் ஒரு பென்டக்கிள்ஸ் வந்தால் எனக்கு நிம்மதி, வாளின் வேகம் குறைகிறதே!

அதெல்லாம் பிற்காலத்துச் சேர்க்கை. டாரட் எகிப்தியப் பூசாரிகளின் ரகசிய நூல். ஆதி அர்த்தம் அங்கேதான். (அதே கோவை)

இதை மட்டும் விடமாட்டேன். எகிப்துக் கதையைக் கிளப்பியது 1781-ல் பாரிஸில் கூர் தெ ஜெபலன் என்பவர். எகிப்தியச் சித்திர எழுத்தைப் பிரெஞ்சு அறிஞர் ஷம்போலியோன் படித்துக்காட்டியதே 1822-ல். படிக்கத் தெரியாத எழுத்திலிருந்து எந்த ரகசியத்தை எடுத்தாராம்? டாரட் பிறந்தது 15ஆம் நூற்றாண்டு வட இத்தாலியில், சீட்டாட்டமாக. நீங்கள் மேஜர் என்று கும்பிடுவதில் ஃபூலைத் தவிர்த்த இருபத்தொன்றும் அந்த ஆட்டத்தின் துருப்புகள். பிரான்சில் இன்றைக்கும் அதை வைத்து ஆடுகிறார்கள்.

அப்படியானால் த்ரீ ஆஃப் ஸ்வோர்ட்ஸில் இதயத்தில் மூன்று வாள் குத்தியிருப்பது வெய்ட்டின் கற்பனையா? பழைய பிரெஞ்சு மார்செய் கட்டில் வெறும் வாள்தானே? (மதுரை)

நல்ல கேள்வி. கட்டைத் திட்டமிட்டவர்தான் வெய்ட்; வரைந்தது அவர் இல்லை, பமேலா கோல்மன் ஸ்மித் என்ற ஓவியர். 1490-களில் இத்தாலியில் செய்த சோலா புஸ்கா என்ற கட்டில் இதே மாதிரி மூன்று வாள் பாய்ந்த இதயம் இருக்கிறது. அதன் புகைப்படங்கள் 1907-ல் பிரிட்டிஷ் மியூசியத்துக்கு வந்தன; இரண்டு வருடத்தில் ஸ்மித்தின் கட்டு வருகிறது. பார்த்திருப்பார் என்றே நினைக்கிறேன். அந்த அம்மா அப்போது நண்பருக்கு எழுதிய கடிதத்தில், பெரிய வேலை முடித்தேன், காசுதான் ரொம்பக் குறைவு என்று புலம்பியிருக்கிறார். 1951-ல் கடனோடு இறந்தார். கட்டின் பெயரில் பதிப்பாளரும் வெய்ட்டும் இருக்கிறார்கள். வரைந்தவரை வெகுகாலம் காணோம். நான் பேசிக்கொண்டே போவேன், போதும்.

வெறும் சீட்டாட்டம் என்றால் நீங்கள் எதற்குப் பார்க்கிறீர்கள்? (கோவை, மூன்றாம் முறை)

படத்தைப் பார்த்ததும் எதிரில் இருப்பவர் தானாக வாய் திறக்கிறார். அதற்குத்தான்.

ஸ்டார், த்ரீ ஆஃப் ஸ்வோர்ட்ஸ். அவள் திரும்பி வருவாளா?

ஆண்கள் கேட்டாலும் அதே பதில்தான் தம்பி.

நான் மதியமே கேட்டேன் அக்கா, சண்டையில் மறந்துவிட்டீர்கள். நைட் ஆஃப் கப்ஸ், நைட் ஆஃப் ஸ்வோர்ட்ஸ். அண்ணன் வீட்டுப் பாகப்பிரிவினைக்குச் சம்மதிப்பாரா? (தஞ்சாவூர்)

மன்னிக்கவும். எது இடப்பக்கம்?

கப்ஸ் இடப்பக்கம்.

அப்படியென்றால் நல்லது. கப்ஸ் வீரன் வலப்பக்கம் பார்த்துப் போகிறான், ஸ்வோர்ட்ஸ் வீரன் இடப்பக்கம் பாய்கிறான். நீங்கள் வைத்த வரிசையில் இருவரும் எதிரெதிரே வருகிறார்கள். மாற்றி வைத்திருந்தால் முதுகு காட்டிப் பிரிந்திருப்பார்கள். பேச்சு நடக்கும். ஆனால் ஒருவர் குதிரையை நிதானமாக நடத்திக் கோப்பையை நீட்டுகிறார், ஒருவர் வாளை ஓங்கிக்கொண்டு நாலுகால் பாய்ச்சலில் வருகிறார். பத்திர விவகாரத்தை வக்கீலிடம் கேளுங்கள். இதில் உங்கள் அண்ணன் யார், நீங்கள் யார் என்று மட்டும் எனக்கு எழுதுங்கள். மூன்றாவது கார்டு எடுத்துவிட்டு எழுதாதீர்கள்.